பதினாறு வயதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? குழந்தைகளுக்கான பேட்டரி சக்கர நாற்காலி: சான்றுகளும் தேர்வும்

நடக்க முடியாத ஒரு குழந்தைக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியை எந்த வயதில் கொடுக்கலாம்? மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்க மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் ஏடிஐபி திட்டம் இதற்கான பதிலை விதியாகவே எழுதி வைத்தது. 2014இல் திருத்தப்பட்ட அதன் நெறிமுறைகளின்படி மோட்டார் பொருத்திய மூன்றுசக்கர வண்டியும் சக்கர நாற்காலியும் 16 வயது நிறைந்தவர்களுக்குத்தான் தரப்பட்டன. அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை, 25,000 ரூபாய் மானியத்தில். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் தரப்படவில்லை. விபத்து நேரும் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மோட்டார் இருந்தால் அது வாகனம், வாகனத்தை ஓட்ட வயது வர வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பல குடும்பங்களிலும் சிகிச்சை மையங்களிலும் நிலவும் எண்ணமும் இதை ஒட்டியதே: முதலில் நடக்க வைக்க எல்லா முயற்சியும் செய்வோம், எதுவும் பலிக்காவிட்டால் கடைசியில் நாற்காலி. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கின்றன. தானாக நகர முடியாத குழந்தைக்கு, மற்றக் குழந்தைகள் தவழ்ந்தும் நடந்தும் உலகைக் கண்டறியும் அதே வயதில், தன் விருப்பப்படி நகரும் வழி வேண்டும். பேட்டரி நாற்காலி அதற்கான கருவிகளில் ஒன்று. வளர்ச்சிக்கான கருவி என்று அதை ஏற்றுக்கொண்டால், எப்போது கொடுப்பது என்பதோடு எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் மாறிவிடும்.

நகர்வதற்கும் அறிவு வளர்ச்சிக்கும் உள்ள உறவைச் சோதனையில் காட்டியவர்களில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் முக்கியமானவர்கள். 1963இல் வெளியான அவர்களது ஆய்வில், இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகள் இரண்டிரண்டாக ஒரு ராட்டினத்தில் பூட்டப்பட்டன. ஒன்று தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றும். மற்றொன்று கூடையில் அமர்ந்தபடி, முதல் குட்டி போகும் பக்கமெல்லாம் இழுபட்டுச் செல்லும். இரண்டின் கண்ணிலும் பட்டது ஒரே காட்சி; அசைவின் அளவும் ஒன்றே. ஆனால் நடந்த குட்டி தூரத்தையும் ஆழத்தையும் கணிக்கக் கற்றது. சுமக்கப்பட்ட குட்டியோ முகத்தை நோக்கி வரும் பொருளுக்குக் கண் சிமிட்டவில்லை. தரையை நெருங்கும்போது பாதத்தை நீட்டவில்லை. அந்தக் குட்டிகளை வெளிச்சத்தில் தம் போக்கில் திரிய விட்டதும் அவை விரைவில் தேறின. அவற்றுக்குக் குறைந்திருந்தது பார்வை அல்ல, தானே நகரும் வாய்ப்பு மட்டுமே என்பதை இந்தத் தேறுதல் உறுதிப்படுத்துகிறது. விலங்குச் சோதனையிலிருந்து மனிதக் குழந்தைக்கு நேரடியாகத் தாவ முடியாது. ஆயினும் நாளெல்லாம் இடுப்பிலும் மடியிலும் தள்ளுவண்டியிலும் செல்லும் ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை அது எழுப்பிவிட்டது. அந்தக் குழந்தை எத்தனை இடம் போகிறது என்பது முக்கியம்தான். போகும் இடத்தைத் தீர்மானிப்பது யார் என்பது அதைவிட முக்கியமாக இருக்கக்கூடும்.

மனிதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தவர்களில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கேம்போஸ் முன்னிற்கிறார். எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் அறிமுகப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. மேசை போன்ற ஒரு மேடைமேல் கண்ணாடி விரித்திருக்கும். ஒரு பாதியில் கண்ணாடிக்கு உடனே கீழே தரை தெரியும். மறுபாதியில் தரை ஆழத்தில் தெரியும். ஆழம் கண்டு அஞ்சும் உணர்வு வயதோடு தானாக வருவதில்லை, தவழ்ந்து பழகிய அனுபவத்தோடு வருகிறது என்று கேம்போஸும் கூட்டாளிகளும் காட்டினர். தவழாத குழந்தைகளை நடைவண்டியில் விட்டுப் பழக்கியபோதும் அந்த உணர்வு வந்தது. அவருடைய குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இன்னும் தவழத் தொடங்காத, எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் நகரும் சிறு மோட்டார் வண்டியில் நாளுக்குச் சில நிமிடம் வீதம் பயிற்சி தரப்பட்டது. இரண்டு மூன்று வாரங்களில், ஆழமான பக்கத்தைக் கண்டதும் அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பு, பயிற்சி பெறாத குழந்தைகளிடம் காணாத அளவு கூடியது. காலும் கையும் செய்ய வேண்டியதை மோட்டார் செய்தது, முடிவெடுத்தது குழந்தை. மூளைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தானே நகர்வதன் பலனைப் பெற, நகர்த்துவது தசையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாற்றுத்திறன் குழந்தைகளிடமே நடந்த ஆய்வுகளும் இதே திசையில் செல்கின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் சார்லீன் பட்லர் 1980களின் தொடக்கத்தில், இருபது மாதம் முதல் மூன்று வயதை ஒட்டிய, கடுமையான உடல் குறைபாடுள்ள குழந்தைகளிடம் மோட்டார் நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ எல்லோருமே சில வாரங்களில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் மோட்டாரா என்ற வியப்புக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. 2012இல் மரியா ஜோன்ஸ், ஐரீன் மெக்கீவன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மிக வலுவான சான்றுகளில் ஒன்று. 14 முதல் 30 மாதம் வயதுள்ள 28 குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு ஓராண்டு கவனிக்கப்பட்டனர். பேட்டரி நாற்காலி பெற்றவர்கள் நகரும் திறனில் முன்னேறினார்கள் என்பது எதிர்பார்த்ததே. பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனிலும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அன்றாடப் பராமரிப்பில் பிறர் செய்ய வேண்டிய உதவியும் குறைந்திருந்தது. ஒரு சக்கர நாற்காலி மொழியறிவைத் தொடுவது விந்தையாகத் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் விந்தையில்லை. ‘அங்கே போ’, ‘பந்தை எடுத்து வா’, ‘கதவுக்குப் பின்னால் யார்?’ என்ற சொற்களெல்லாம், அவற்றின்படி நடந்து பார்க்க முடிகிற குழந்தைக்கே முழுப் பொருள் தருகின்றன.

இந்தச் சான்றுகளின் அளவை மிகைப்படுத்தக் கூடாது. 28 குழந்தைகள் என்பது சிறு எண்ணிக்கை. கனடாவின் ராஸ்லின் லிவிங்ஸ்டோனும் டெப்ரா ஃபீல்டும் 2014இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, பெரும்பாலானவை சிறிய, விவரிப்பு வகை ஆய்வுகளே என்பதை எடுத்துச் சொன்னார்கள். இத்தாலியில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், நாற்காலி பெற்ற குழந்தைகளின் சுயசார்பு தெளிவாகக் கூடியது, ஆனால் நுண்ணறிவு மதிப்பெண் மாறவில்லை. ஆகவே நாற்காலி கொடுத்தால் பிள்ளை கெட்டிக்காரனாகிவிடுவான் என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆனால் முடிவெடுக்கும்போது இரண்டு பக்கத் தவறுகளையும் எடைபோட வேண்டும். சீக்கிரம் கொடுத்து எதிர்பார்த்த பலன் முழுதாகக் கிடைக்காவிட்டாலும், குழந்தை தன் விருப்பப்படி வீட்டுக்குள் சுற்றிய ஆண்டுகள் மிஞ்சும். கொடுக்காமல் காத்திருந்து, கொடுத்திருந்தால் பலன் கிடைத்திருக்கும் என்று பின்னால் தெரிந்தால், அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதே இத்தாலிய ஆய்வில், தொடக்கத்தில் நாற்காலியை விரும்பாத பெற்றோர் பலர், பிள்ளை ஓட்டுவதைக் கண்ட பிறகு மனம் மாறினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பெற்றோரின் பெரிய அச்சம் ஒன்றுதான்: நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் பிள்ளை நடக்கவே மாட்டான். அன்பிலிருந்து பிறக்கும் இந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் உடலியக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை ஒன்று 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது அதைத்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் ரோசன்பாமும் குழுவினரும் ஒன்டாரியோ மாகாணத்தின் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொரு நிலையிலும் உள்ள குழந்தைகள் தாம் அடையக்கூடிய இயக்கத் திறனில் 90 விழுக்காட்டை எந்த வயதில் எட்டுகிறார்கள் என்று அதில் கணக்கிடப்பட்டது. லேசான பாதிப்புள்ள முதல் நிலையில் அது ஏறத்தாழ ஐந்து வயது. தானாக நகர்வது மிகக் கடினமாகிவிடும் நான்காம் நிலையில் மூன்றரை வயது. ஐந்தாம் நிலையில் மூன்று வயதுக்கும் குறைவு. இந்த இரு நிலைகளில் உள்ள குழந்தை நடக்குமா என்ற கேள்விக்கு, பள்ளியில் சேரும் வயதுக்குள்ளேயே பெரும்பாலும் விடை தெரிந்துவிடுகிறது. விடை தெரிந்த பிறகும் பத்தாண்டு காத்திருக்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. பேட்டரி நாற்காலி கொடுத்ததால் நடக்கவிருந்த குழந்தை நடக்காமல் போனது என்று காட்டும் சான்றும் இல்லை. பிசியோதெரபி, காலிபர், நிற்க வைக்கும் பயிற்சி எல்லாம் நாற்காலியோடு கூடவே தொடரலாம், தொடரவும் வேண்டும். வாக்கரில் பத்தடி நடக்கவே முழுச் சக்தியையும் செலவிடும் பிள்ளை, வகுப்பறைக்குப் போய்ச் சேரும்போது பாடம் கேட்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். நடப்பதை உடற்பயிற்சியாக வைத்துக்கொண்டு, போக்குவரத்துக்கு நாற்காலியை வைத்துக்கொள்வதில் எந்த முரணும் இல்லை.

தசைச்சிதைவு நோயில் வயது வரம்பின் கொடுமை இன்னும் வெளிப்படை. டுஷேன் வகைத் தசைச்சிதைவு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. நடந்து திரிந்த பையன், பத்துப் பன்னிரண்டு வயதை ஒட்டி நடையை இழக்கிறான். ஸ்டீராய்டு மருந்து அதைச் சில ஆண்டு தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. கைகளும் தளர்வதால் கையால் தள்ளும் சக்கர நாற்காலியை அவனால் ஓட்ட முடியாது. முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள பையனைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு தாயின் முதுகில் விழுகிறது. பல வீடுகளில் பள்ளிக்கூடம் நின்றுபோவது இந்தக் கட்டத்தில்தான். ஆயுள் குறுகிய இந்த நோயில், 16 வயதில் வரும் நாற்காலி அவன் வாழ்வின் பெரும்பகுதி கழிந்த பின்னரே வருகிறது. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவின் இரண்டாம் வகைக் குழந்தைகளோ உட்காருவார்கள், நன்றாகப் பேசுவார்கள், அறிவில் எந்தக் குறையும் இராது. ஆனால் ஒருபோதும் நடக்க மாட்டார்கள். நோய் உறுதியான நாளிலேயே அவர்களுக்கு என்ன தேவைப்படும் என்பது தெரிந்துவிடுகிறது. இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு வயதை ஒரு கோடாகக் கிழிப்பது நிர்வாகத்துக்கு எளிது. நோய்களின் போக்கோ அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பும் புத்தியும் பற்றியது. இதிலும் சான்றுகள் முழுதும் ஒரே பக்கம் பேசவில்லை. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் 1990களில் நடந்த ஆய்வுகள், இட உணர்வும் சிக்கலைத் தீர்க்கும் திறனும் உள்ள சிறு குழந்தைகள் விரைவில் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று கண்டன. இதை வைத்து, அந்தத் திறன்கள் இல்லாதவர்களுக்கு நாற்காலி கூடாது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். ஸ்வீடனின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் லிஸ்பெத் நில்சன் எதிர்த்திசையில் கேட்டார்: ஓட்டத் தெரிந்த பிறகு கொடுப்பதற்குப் பதில், கற்பதற்காகவே ஓட்டக் கொடுத்தால் என்ன? மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு பல ஆண்டு பணியாற்றிய அவர், ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் நாற்காலி அசைகிறது, விட்டால் நிற்கிறது என்று உணர்வதே அவர்களில் பலருக்குக் காரண காரியத் தொடர்பை உணர்ந்த பெரிய அனுபவமாக அமைந்ததையும், அவர்களின் விழிப்பும் ஈடுபாடும் கூடியதையும் பதிவு செய்தார். தெருவில் தனியே ஓட்டுவதற்கான தகுதி வேறு. மேற்பார்வையில், காலியான அறையில் ஓட்டிப் பழகும் உரிமை வேறு. ஏடிஐபி விதி இரண்டையும் ஒன்றாக்கி, முதலாவதற்குத் தகுதியில்லாதவரிடமிருந்து இரண்டாவதையும் பறித்துவிட்டது. ஆபத்தைக் குறைக்கத் தொழில்நுட்பத்தில் வழியுண்டு. நல்ல கட்டுப்பாட்டுக் கருவியுள்ள நாற்காலியில் உச்ச வேகத்தைப் பெரியவர் நடையில் பாதிக்கும் கீழே குறைத்து வைக்கலாம். புறப்படும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் தனித்தனியே மட்டுப்படுத்தலாம். பின்னால் வரும் பெரியவர் நிறுத்தத் தனி ஜாய்ஸ்டிக் பொருத்தலாம். நடக்கக் கற்கும் குழந்தையும் விழுகிறது, மேசையில் இடித்துக்கொள்கிறது. அதற்காக யாரும் அதைப் பதினாறு வயதுவரை தொட்டிலில் வைப்பதில்லை. படிக்கட்டுக்குக் கதவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கிறோம்.

சரி, வாங்குவது என்று முடிவானால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் முதலில் சொல்லப்படுவது விலை, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், மடக்கிக் காரில் வைக்க முடியுமா என்பவை. குழந்தைக்கு இந்த வரிசை பொருந்தாது. முதலில் பார்க்க வேண்டியது இருக்கை, அடுத்தது ஜாய்ஸ்டிக், மோட்டாரும் சக்கரமும் அதற்குப் பிறகு. காரணம், சந்தையில் அதிகம் கிடைக்கும் மடக்கு நாற்காலிகள் பெரியவர்களுக்காகச் செய்தவை. அவற்றின் இருக்கை பொதுவாக 18 அங்குல அகலமும் 16 அங்குல ஆழமும் கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்பு அதில் பாதி அகலம்தான். அந்தப் பிள்ளையை அதில் உட்கார வைத்துப் பாருங்கள். தொடை நீளம் போதாததால் முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்காது. கால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். முழங்காலை மடக்க வேண்டுமென்றால் பிட்டத்தை முன்னே சறுக்க வேண்டும்; சறுக்கினால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து முதுகு கூனும். பாதம் மிதிபலகையைத் தொடாது. ஜாய்ஸ்டிக் வலது கைப்பிடியின் நுனியில் எட்டாத தூரத்தில் இருப்பதால், உடல் முழுவதையும் வலப்பக்கம் சாய்த்துத்தான் அதைப் பிடிக்க முடியும். சாய்ந்த உடலைத் தாங்கவே ஒரு கை போய்விடும். தினமும் பல மணி நேரம், வளரும் முதுகெலும்பு இந்த நிலையில் இருந்தால் அது வளையும். ஏற்கெனவே தசைச் சமநிலை இல்லாத பிள்ளைகளிடம் இந்த வளைவு சீக்கிரம் நிலைத்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை ஓட்டத் தடுமாறினால், ‘இவனுக்கு ஓட்டும் அளவு புத்தியில்லை’ என்று தீர்ப்பு வந்துவிடும். பிழை இருக்கையுடையது, பழி பிள்ளைக்கு.

ஆகவே தேர்வு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பு நிலையாக, நேராக இருந்தால்தான் முதுகும் கழுத்தும் நிமிரும். தோள் நிலைத்தால்தான் கை துல்லியமாக இயங்கும். இருக்கையின் ஆழம், முதுகுச் சாய்விலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்து, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டதாக அமைய வேண்டும். அகலம் இடுப்பின் அகலத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ‘வளரும் பிள்ளைதானே’ என்று பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பது போல நாற்காலியைப் பெரிதாக வாங்குவது இங்கே பெரும் தீங்கு. வளர்ச்சிக்கு இடம் வேண்டுமானால், ஆழத்தையும் மிதிபலகை உயரத்தையும் கைப்பிடியையும் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சட்டகத்தைத் தேட வேண்டும். நாளில் நெடுநேரம் உட்காரும் பிள்ளைக்குச் சாய்வு வசதி அவசியம். அதிலும் இரண்டு வகை உண்டு. முதுகுச் சாய்வு மட்டும் பின்னே படுப்பது ஒன்று. உட்கார்ந்த கோணம் மாறாமல் இருக்கை முழுவதும் பின்னோக்கிச் சாய்வது மற்றொன்று. பெருமூளை வாதத்தில் தசை விறைப்புள்ள பிள்ளைகளுக்கு முதல் வகை விறைப்பைத் தூண்டி உடலை முன்னே தள்ளிவிடக்கூடும். இரண்டாவது வகை கோணத்தைக் கெடுக்காமல் பிட்டத்தின் அழுத்தத்தை முதுகுக்கு மாற்றும். படுக்கைப்புண்ணைத் தவிர்க்கவும் உதவும். தரைமட்டம்வரை இருக்கையை இறக்கும் வசதியுள்ள நாற்காலிகளும் உண்டு. சிறு குழந்தையின் விளையாட்டெல்லாம் தரையில்தான் நடக்கிறது என்பதால், இதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது.

அடுத்தது, எந்த உறுப்பால் ஓட்டுவது என்பது. வழக்கமான ஜாய்ஸ்டிக்கில் தள்ளும் அளவுக்கேற்ப வேகம் கூடும். கை ஓரளவு அடங்கும் பிள்ளைக்கு இதுவே சிறந்தது. ஆனால் அதை வலது கைப்பிடியில்தான் வைக்க வேண்டும் என்று விதியில்லை. நடுவில் ஒரு பலகை போட்டு உடலின் மையத்தில் வைத்தால் பல பிள்ளைகளின் கை நடுக்கம் குறைகிறது. தசைச்சிதைவில் கை வலுக் குறையக் குறைய, மிக லேசான தொடுதலுக்கும் அசையும் சிறு ஜாய்ஸ்டிக் தேவைப்படும். கட்டுப்படாத அசைவுகள் உள்ள பிள்ளைக்கு நடுக்கத்தை வடிகட்டும் அமைப்பையோ, திசைக்கு ஒன்றாகப் பெரிய பொத்தான்களையோ, தலையணையில் பொருத்திய சுவிட்சுகளையோ முயன்று பார்க்கலாம். பிள்ளையின் உடலில் எந்தப் பகுதி அதன் சொல்படி மிக நன்றாகக் கேட்கிறதோ, அதனிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்க வேண்டும். விலை மலிந்த மடக்கு நாற்காலிகளில் இத்தகைய மாற்றங்களுக்கு இடமிருப்பதில்லை. எனவே ‘இந்த நாற்காலியில் வேகத்தை மாற்றியமைக்கலாமா, வேறு சுவிட்ச் இணைக்கலாமா?’ என்று கேட்டுவிட்டே காசை எண்ண வேண்டும்.

இவை முடிந்த பிறகே சக்கரம். உந்துசக்கரம் நடுவில் உள்ள நாற்காலி நின்ற இடத்திலேயே சுழலும். குறுகிய நடையும் சிறிய அறைகளும் உள்ள வீட்டுக்கு அது தோது. ஆனால் குழியில் முன்பின் சக்கரங்கள் ஏறி நிற்க, நடுச்சக்கரம் தரை தொடாமல் சுழன்றுவிடக்கூடும். முன்சக்கரத்தால் ஓடுவது வாசற்படி போன்ற சிறு தடைகளையும் மண்தரையையும் நன்றாகத் தாண்டும். வேகத்தில் பின்புறம் அலையும். பின்சக்கரத்தால் ஓடுவது வெளியில் நேராகப் போகும்; திரும்ப அதிக இடம் கேட்கும். வீட்டின் கதவகலம், நிலைப்படி உயரம், பள்ளியின் வழி ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்டு போனால், இவற்றில் எது பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். பேட்டரியில், பராமரிப்பு தேவைப்படாத ஈய அமில வகை விலை குறைவு, எடை அதிகம். லித்தியம் வகை இலகு, விலை கூடுதல். எதுவானாலும், பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் உண்டா, பேட்டரியும் கட்டுப்பாட்டுக் கருவியும் தனியே கிடைக்குமா என்ற கேள்வியே நாற்காலியின் உண்மையான ஆயுளைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி, தேர்வு, பொருத்துதல், பயிற்சி, தொடர் கவனிப்பு என்று நான்கு படிகளை வலியுறுத்துகிறது. நம் நாட்டில் முகாமில் பெயர் வாசித்து, நாற்காலியை ஒப்படைத்து, புகைப்படம் எடுப்பதோடு முதல் படியே பாதியில் நின்றுவிடுவதைப் பலமுறை காண்கிறோம்.

செலவு பற்றிய ஆட்சேபம் மிக நேர்மையானது. குழந்தைகளுக்கென்று செய்த, எல்லா வசதிகளும் கொண்ட வெளிநாட்டு நாற்காலி சில லட்சம் ரூபாய் ஆகும். அதையும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். இதற்கு மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, தொடக்கத்துக்கு முழு நாற்காலி தேவையில்லை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் கேலோவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ முயற்சி, கடையில் விற்கும் குழந்தைகளுக்கான பேட்டரி பொம்மைக் காரை எடுத்து, கால் மிதிக்குப் பதில் பெரிய கைப்பொத்தான் வைத்து, பிவிசி குழாயும் நுரைப்பஞ்சும் கொண்டு முதுகுத் தாங்கல் அமைத்துக் கொடுத்தது. அதே வகைக் கார்கள் நம் நகரங்களின் பொம்மைக் கடைகளிலும் விற்கின்றன. ஒரு பிசியோதெரபிஸ்டும் ஓர் எலக்ட்ரீஷியனும் சேர்ந்தால் மாற்றியமைக்கலாம். அது நாற்காலிக்கு மாற்றாகாது, மேற்பார்வையில்லாமல் பயன்படுத்தவும் கூடாது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை முதன்முதலாகத் தானே நகர்ந்து பார்க்க அது போதும். இரண்டு, குழந்தை நாற்காலிகள் தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடுகின்றன. மாவட்டத்துக்கு ஒரு நாற்காலி இருப்பகம் வைத்து, ஒரு பிள்ளைக்குச் சிறிதானதைச் சீர்செய்து அடுத்த பிள்ளைக்கு இரவலாகத் தந்தால், ஒரே நாற்காலி பல பிள்ளைகளுக்கு உதவும். மூன்று, தமிழ்நாட்டிலேயே திறன் இருக்கிறது. சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து, எழுந்து நிற்க உதவும் நாற்காலியும், உடல் அளவுக்கேற்ப அமைக்கப்படும் நியோஃப்ளை நாற்காலியும் வெளிவந்து விற்பனையில் உள்ளன. அந்தத் திறனைக் குழந்தைகளுக்கான பேட்டரி நாற்காலியின் பக்கம் திருப்ப அரசின் கொள்முதல் உறுதி இருந்தால் போதும். 16 வயதுக்குக் கீழ் வாங்கவே மாட்டோம் என்று பெரிய வாங்குநரான அரசு சொன்னால், குழந்தைக்கான நாற்காலியை எந்த நிறுவனம் செய்யும்?

சாலையும் பள்ளியும் ஒத்துழைக்காதபோது நாற்காலி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தடைகள் உண்மையே. ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் உலகம் நெடுஞ்சாலை அல்ல. அடுக்களையிலிருந்து திண்ணைவரை, அங்கன்வாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை போக முடிந்தால் அதன் நாள் மாறிவிடும். பள்ளியைப் பொறுத்தவரை சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. 17ஆம் பிரிவு அத்தகைய மாணவர்களுக்கு 18 வயதுவரை தகுந்த உதவிக் கருவிகளை இலவசமாகத் தருமாறு அரசுக்குக் கடமை விதிக்கிறது. ஆறு வயதில் வகுப்பறைக்கு வரும் உரிமையைச் சட்டம் தர, அங்கே போய்ச் சேரும் கருவியைத் திட்டம் பதினாறு வயதில் தருமென்றால், இடைப்பட்ட பத்தாண்டும் ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும்தான்.

மத்திய, மாநில அரசுகள் செய்ய வேண்டியது தெளிவு. பேட்டரி நாற்காலிக்கான திட்டங்களில் வயது வரம்பையும், அறிவுத்திறன் குறைபாட்டுக்கான ஒட்டுமொத்தத் தடையையும் நீக்க வேண்டும். அவற்றின் இடத்தில், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பிள்ளையை அளந்து தரும் மதிப்பீட்டை வைக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒன்று என்ற கணக்கு வளரும் உடலுக்குப் பொருந்தாது. இரவல் இருப்பகங்கள் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சிகிச்சையை நிறுத்தாதீர்கள்; நடையின் மேல் உள்ள நம்பிக்கையையும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ‘என் பிள்ளை எப்போது நடக்கும்?’ என்ற கேள்வியோடு, ‘அதுவரை என் பிள்ளை தானாக எப்படி நகரும்?’ என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு மருத்துவத்திடம் எப்போதும் பதில் இருப்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு இன்றே பதில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பிள்ளையின் உரிமை.